எடிற்றர் இடையிலை நிண்டால் மிஞ்சிற மீட்புக் கோப்பு: திரும்பத் திறக்கேக்கை என்ன செய்யிறது?

வடலி

அச்சகங்களையும் பள்ளிக்கூடங்களையும் மனதில் வைத்து ஒரு சிறிய தமிழ் எடிற்றர் எழுதிக்கொண்டிருக்கிறோம். யுனிகோட், பாமினி (பழைய எழுத்துருக் குறியீடு) இரண்டையும் திறக்கும். லினக்ஸிலும் விண்டோஸிலும் ஓடும். தட்டச்சு நடக்கும்போது 30 செக்கனுக்கு ஒருதரம் மூலக் கோப்புக்குப் பக்கத்தில் ஒரு மீட்புக் கோப்பை எழுதுகிறது. ஒழுங்காக மூடினால் அது அழிந்துவிடும். கரண்ட் போனாலோ எடிற்றர் விழுந்தாலோ அப்படியே கிடக்கும். அடுத்த முறை அதே கோப்பைத் திறக்கும்போது என்ன செய்வது என்பதில்தான் எங்களுக்குள் இழுபறி.

ஒருவர் சொல்கிறார்: கேட்காமல் மீட்புக் கோப்பையே ஏற்று, ஆள் விட்ட இடத்தில் தொடரட்டும். இன்னொருவர்: புரோகிராமர்கள் பாவிக்கும் விம் எடிற்றர் போல ஒவ்வொரு முறையும் கேள். மூன்றாமவர்: இரண்டின் திகதியையும் பார், புதியது எதுவோ அது வெல்லட்டும். மூன்றிலும் ஏதோ பிழைக்கிறது. எங்கள் பாவனையாளர்கள் புரோகிராமர்கள் இல்லை. ஆங்கிலத்தில் 20 வரி எச்சரிக்கை வந்தால் கடைசிப் பொத்தானை அமத்திவிட்டுப் போவார்கள்.

மீட்புக் கோப்பை எங்கே வைப்பது, எப்போது அழிப்பது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கறுத்தக்கொழும்பான்

மூண்டும் பிழை. மெஷினே கண்டுபிடிக்கக்கூடியதை மனுசரிட்டைக் கேக்கிறதுதான் விம்மிலை உள்ள பிரச்சினை. கேட்டே ஆகவேண்டியதைக் கேளாமல் விடுறது முதலாவது ஆளின்ர பிரச்சினை.

விம் என்ன செய்யுது எண்டு முதல்லை பாப்பம், ஏனெண்டால் அதுக்குள்ளை நல்ல விசயமும் இருக்கு. 200 எழுத்து அடிச்சால், அல்லது 4 செக்கன் கை சும்மா இருந்தால், ஸ்வொப் கோப்பை, அதாவது தன்ர மீட்புக் கோப்பை, எழுதும். அதின்ர தலைப்பகுதியிலை மூலக் கோப்பின்ர பேர், ஆளின்ர பேர், கொம்பியூட்டரின்ர பேர், புரொசெஸ் (ஓடிக்கொண்டிருக்கிற புரோகிராம்) இலக்கம், மாற்றம் சேமிக்காமல் கிடக்கோ இல்லையோ எண்ட குறி எல்லாம் இருக்கும். திரும்பத் திறக்கேக்கை ஸ்வொப் கிடந்தால் ஈ325 எண்ட எச்சரிக்கையைக் காட்டி, வாசிக்க மட்டும் திற, எப்பிடியும் திருத்து, மீள், அழி, வெளியேறு எண்டு கேக்கும். அந்தப் புரொசெஸ் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் "அழி" எண்ட தெரிவைக் காட்டாது. அது கெட்டித்தனம்.

பிழை எங்கை எண்டால், "மீள்" குடுத்த பிறகும் ஸ்வொப் கோப்பு போகாது. மீட்டதும் மூலமும் ஒண்டுதான் எண்டு கண்டால்கூட "இனி நீங்கள் அதை அழிக்கலாம்" எண்டு சொல்லிப்போட்டு விட்டிடும். அழிக்காமல் விட்டால் அடுத்த நாளும் அதே கேள்வி. மூண்டு நாள் ஒண்டுமில்லாத கேள்வி கேட்டால், நாலாம் நாள் உண்மையான கேள்வி வரேக்கை ஆக்கள் வாசிக்காமலே "எப்பிடியும் திருத்து" அமத்துவினம். வேலை துலையிறது அங்கைதான்.

நீங்கள் கேக்க முதல் எடிற்றர் தானாப் பாக்கவேண்டியதை ஒழுங்காச் சொல்லுறன்:

முதல்லை, மீட்புக் கோப்பின்ர சொந்தக்காரப் புரொசெஸ் உயிரோடை இருக்கோ? இருந்தால் அது மிச்சமே இல்லை. அந்தக் கோப்பு வேறை ஜன்னலிலை திறந்து கிடக்கு. கேள்வி தேவையில்லை, அந்த ஜன்னலை முன்னுக்குக் கொண்டு வாங்கோ.

செத்துப்போச்சுது எண்டால், உள்ளடக்கத்தைப் பாருங்கோ. மீட்டதும் டிஸ்கிலை உள்ளதும் ஒண்டெண்டால் சத்தம்போடாமல் மீட்புக் கோப்பை அழிச்சிட்டு மூலத்தைத் திறவுங்கோ. மிஞ்சிக் கிடக்கிறதிலை கனக்க இந்த வகைதான்: சேமிச்சுப்போட்டு மூடாமல் விட்ட நேரம் கரண்ட் போனது.

வித்தியாசம் இருந்தால், டிஸ்கிலை உள்ள கோப்பு எடிற்றர் கடைசியாய்க் கண்ட நிலையிலேயே கிடக்கோ எண்டு பாருங்கோ. இதுக்கு மீட்புக் கோப்பின்ர தலையிலை மூலத்தின்ர செக்சம் (உள்ளடக்கத்திலை இருந்து கணிக்கிற சரிபார்ப்பு எண்) ஒண்டை எழுதி வைச்சிருக்கவேணும். லினக்ஸிலை ஓடுற கேடிஈ டெஸ்க்டொப்பின்ர கேட் எடிற்றர் அப்பிடித்தான் செய்யுது. அடி, அதாவது டிஸ்கிலை உள்ள மூலம், மாறேல்லை எண்டால் நிலைமை லேசு: மீட்டது எண்டது மூலத்தோடை இன்னும் கொஞ்சம். மீட்டதைத் திறந்து, மேலை ஒரு பட்டையிலை "சேமிக்காத மாற்றம் மீட்கப்பட்டது" எண்டு காட்டினால் காணும். ஆளை மறிக்கிற பெட்டி வேண்டாம்.

அடி மாறிப்போச்சுது எண்டால், உதாரணத்துக்கு வேறை ஆரோ அதே கோப்பைத் திருத்திச் சேமிச்சிட்டினம், அப்ப மட்டும்தான் மறிச்சுக் கேக்கவேணும். இரண்டையும் பக்கம்பக்கமாக் காட்டிக் கேக்கவேணும்.

மீட்டதைத் திறக்கேக்கை ஒரு சின்ன வேலை: முதல்லை டிஸ்கிலை உள்ளதை ஏற்றிப்போட்டு, பேந்து மீட்ட உள்ளடக்கத்தை ஒரே ஒரு திருத்தமாப் போடுங்கோ. அப்ப ஒருக்கா "மீளப்பெறு" (அண்டூ) அமத்தினால் பழைய கோப்பு அப்பிடியே வரும். இது இருந்தால் பாதிப் பயம் போயிடும்.

திகதியை நம்புறதைப் பற்றி: விடுங்கோ. பழைய டெஸ்க்டொப்புகளிலை மதர்போட் பற்றறி செத்திருந்தால், கரண்ட் போய் வந்த பிறகு மணிக்கூடு வருசக்கணக்கிலை பின்னுக்குப் போயிடும். பேந்து எழுதின மீட்புக் கோப்பு, போன மாசம் சேமிச்ச மூலத்தை விடப் "பழசு" எண்டு காட்டும். பென் டிரைவிலை ஃபற்32 எண்டால் மாற்றின நேரம் 2 செக்கன் துல்லியத்துக்குத்தான் பதியும். ஈமாக்ஸ் எண்ட மற்ற எடிற்றர் திகதியைத்தான் பாக்குது: தானாச் சேமிச்சது மூலத்தை விடப் பழசெண்டால் மீட்க மறுக்கும். அது ஈமாக்ஸ் பாவிக்கிற ஆக்களுக்குச் சரிவரும், அவைக்கு # போட்ட கோப்பைக் கையாலை திறக்கத் தெரியும். உங்கட ஆக்களுக்குச் சரிவராது.

திண்ணை

மேலே சொன்னதோடு உடன்பாடு. ஆனால் மூலத்துக்குப் பக்கத்தில் வைப்பதை மாற்றச் சொல்வேன்.

பக்கத்தில் வைப்பதில் ஒரு வசதி உண்டு: பென் டிரைவை வேறு மெஷினுக்குக் கொண்டுபோனால் மீட்புக் கோப்பும் கூடப் போகும். அதற்குக் கொடுக்கும் விலை பெரிது. வாசிக்க மட்டும் அனுமதி உள்ள ஃபோல்டரில் எழுத முடியாது. டிரொப்பொக்ஸ் போன்ற ஒத்திசைவு ஃபோல்டரில் 30 செக்கனுக்கு ஒருதரம் இணையத்துக்கு ஏறும்; மற்ற மெஷினில் உரிமையாளர் தெரியாத மிச்சமாக முளைக்கும். இணைய சேர்வரில் நேரடியாகத் திருத்தினால் இன்னும் மோசம். பி.எச்.பி. கோப்பை சேர்வர் இயக்கிக் காட்டும். அதே பெயரின் பின்னால் ~ குறியோ ஸ்வொப் விகுதியோ இருந்தால் வெறும் எழுத்தாக வெளியே கொடுத்துவிடும், உள்ளே இருக்கும் தரவுத்தளக் கடவுச்சொல்லோடு. இணையத்தில் துழாவித் திரியும் ஸ்கேனர்கள் அந்தப் பெயர்களைத் தேடிக் கேட்பது வழமை.

ஆகவே பாவனையாளரின் வீட்டு அடைவுக்குள் ஒரே இடம். வி.எஸ். கோட் தன் சேமிக்காத பிரதிகளைத் தன் தரவு ஃபோல்டரில் வைத்து, ஒவ்வொன்றின் முதல் வரியிலும் மூலக் கோப்பின் முகவரியை எழுதிவைக்கிறது. நோட்பேட் பிளஸ் பிளஸும் தனி "பேக்கப்" ஃபோல்டர்தான், இயல்பாக 7 செக்கனுக்கு ஒருதரம்.

இங்கே தமிழில் எழுதுபவர்களுக்கென்றே ஒரு குழி இருக்கிறது. விம்மில் ஸ்வொப்பை மத்திய அடைவுக்கு மாற்றி, பாதையின் முடிவில் இரட்டைச் சாய்கோடு போட்டால், மூலத்தின் முழுப் பாதையையும் சாய்கோட்டுக்குப் பதில் % குறி வைத்துப் பெயராக்கும். ஆங்கிலப் பெயர்களுக்கு அது அழகு. ஆனால் லினக்ஸின் எக்ஸ்ற்4 கோப்பு முறைமையில் ஒரு கோப்புப் பெயர் 255 பைற்றுக்கு மேல் போக முடியாது. யுனிகோடைக் கோப்பில் எழுதும் யூ.டி.எஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைற். "யாழ்ப்பாணம்" என்பது குற்றும் அரவும் சேர்த்து 11 குறி, அதாவது 33 பைற். மூன்று ஃபோல்டர் ஆழத்தில் நீளமான தமிழ்ப் பெயர்கள் வைத்தால் எல்லை தாண்டக்கூடும். இணைய முகவரி போலக் குறியாக்கினால் ஒவ்வொரு பைற்றும் 3 எழுத்தாகி அதே சொல் 99 பைற். மூன்று தரம் எழுதவே இடம் போதாது. எழுதுதல் தோற்கும், எடிற்றர் பேசாமல் இருந்தால் ஆளுக்குத் தெரியவும் வராது. விண்டோஸின் என்.டி.எஃப்.எஸ்.-இல் எல்லை 255 யூ.டி.எஃப்-16 அலகு (தமிழ்க் குறி ஒன்றுக்கு ஒரு அலகு) என்பதால், அங்கே சோதித்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும்.

முழுப் பாதையை ஹாஷ் செய்து (நீளம் மாறாத குறுகிய குறியாக்கி) அதைப் பெயராக வையுங்கள். உண்மையான பாதையைக் கோப்பின் தலைக்குள் எழுதுங்கள். பெயரிடாத புதிய ஆவணங்களுக்கும் அப்போது தனி வழி தேவையில்லை, ஒரு தற்செயல் எண் போதும்.

கோப்பு அனுமதி 0600 (உரிமையாளர் மட்டும் வாசிக்க, எழுத). மீட்புக் கோப்பில் ஆள் அடித்து அழித்த வரியும் இருக்கக்கூடும், மூலத்தை விட அது அந்தரங்கமானது.

வடலி

255 பைற் விசயம் எங்களுக்குத் தட்டுப்படவே இல்லை. நன்றி அண்ணை.

இரண்டு சந்தேகம். புரொசெஸ் உயிரோடு இருக்கிறதா என்று இலக்கத்தை வைத்துத்தான் பார்க்கிறோம். மெஷின் திரும்ப எழும்பிய பிறகு அதே இலக்கம் வேறு எதற்கோ போயிருந்தால்? அத்தோடு பள்ளிக்கூட லாப்பில் எல்லா மெஷினும் ஒரே இமேஜில் இருந்து போட்டவை, பெயரும் ஒன்று.

இரண்டாவது, உள்ளடக்கத்தை ஒப்பிடச் செய்து பார்த்தோம். பாமினிக் கோப்பென்றால் ஒவ்வொரு வரியும் மாறியதாகவே காட்டுகிறது. சில யுனிகோட் கோப்புகளிலும் கண்ணுக்கு ஒன்றாய்த் தெரியும் வரிகள் வித்தியாசம் என்று வருகின்றன.

ஒடியல்

முதலாவதற்கு: புரொசெஸ் இலக்கத்தை மட்டும் நம்பாதீர்கள். கரண்ட் போய் வந்து அதே ஒழுங்கில் அதே சேவைகள் தொடங்கும்போது, இலக்கங்கள் கிட்டத்தட்ட அதே இடத்தில் விழும். மோதுவதற்கான வாய்ப்பு நினைப்பதை விட அதிகம். ஈமாக்ஸ் தன் பூட்டுக் குறியில் ஆள், மெஷின், இலக்கம் ஆகியவற்றோடு மெஷின் எழும்பிய நேரத்தையும் சேர்ப்பது இதனால்தான். லினக்ஸில் கேர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) ஒவ்வொரு முறை எழும்பும்போதும் ஒரு புதிய பூட் அடையாளம் தரும். அதைச் சேர்த்து எழுதுங்கள். மீட்புக் கோப்பு இதே மெஷினின் டிஸ்கில் இருந்து, அது மாறியிருந்தால் பழைய புரொசெஸ் கட்டாயம் செத்துவிட்டது, மேலே தேட வேண்டியதில்லை. ஒரே இமேஜில் இருந்து போட்ட மெஷின்களுக்கும் இந்த அடையாளம் வேறு வேறாகவே இருக்கும்.

இதைவிடச் சுத்தமான வழி, எடிற்றர் ஓடும் நேரம் முழுவதும் மீட்புக் கோப்பைத் திறந்தபடி வைத்து அதன்மேல் ஒரு பூட்டுப் பிடித்திருப்பது. லினக்ஸில் ஃப்ளொக், விண்டோஸில் பகிர்வு மறுத்துத் திறத்தல். புரொசெஸ் எப்படிச் செத்தாலும் பூட்டை இயங்குதளமே விடுவிக்கும். திறக்கும்போது பூட்டுக் கிடைத்தால் உரிமையாளர் இல்லை என்று அர்த்தம். ஒரே மெஷினுக்குள் இது பிழைக்காது. பகிர்ந்த நெற்வேர்க் ஃபோல்டரில் பூட்டின் நடத்தை சேர்வரைப் பொறுத்தது. மீட்புக் கோப்பு வீட்டு அடைவில் இருந்தால் அந்தக் கவலை பெரும்பாலும் இல்லை. வீட்டு அடைவே சேர்வரில் இருக்கும் லாப் என்றால் பூட் அடையாளத்தையும் சேர்த்துப் பாருங்கள். அது இந்த மெஷினுடையது இல்லையென்றால் முன்னைய எழும்பலா, வேறு மெஷினா என்று பிரித்தறிய முடியாது. அங்கே மட்டும் கேட்பதுதான் நேர்மை.

இரண்டாவதற்கு: உங்கள் மீட்புக் கோப்பு நினைவகத்தில் உள்ள யுனிகோட் வடிவத்தை எழுதுகிறது, மூலமோ பாமினி. பாமினி என்பது எழுத்துரு வழியான குறியீடு. டிஸ்கில் இருப்பவை ஆங்கில விசைகளின் எழுத்துகள்தான். இரண்டையும் நேராக ஒப்பிட்டால் ஒரு வரியும் பொருந்தாது. மூலத்தைத் திறப்பதற்குப் பாவிக்கும் அதே மாற்றியால் யுனிகோடாக்கி, பிறகு ஒப்பிடுங்கள். எந்தக் குறியீட்டில் திறக்கப்பட்டது, எந்த வரிமுடிவு, தொடக்கத்தில் யுனிகோட் என்று காட்டும் பி.ஓ.எம். குறி இருந்ததா என்ற மூன்றும் மீட்புக் கோப்பின் தலையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மீட்டுச் சேமிக்கும்போது பாமினிக் கோப்பு யுனிகோடாகிவிடும், அச்சகத்தில் பழைய பேஜ்மேக்கரில் ஏற்றினால் பெட்டி பெட்டியாக வரும்.

கண்ணுக்கு ஒன்றாய்த் தெரிந்து வேறாய் வருபவை பெரும்பாலும் ஒகர, ஓகார உயிர்மெய்கள். "கொ" என்பதை க-வோடு ஒரே ஒகரக் குறியாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் அரவும் தனித்தனிக் குறிகளாகவும் எழுதலாம். யுனிகோட் விதிப்படி இரண்டும் சமம், பைற்றில் வேறு. சில விசைப்பலகைகள் ஒன்றையும் சில மற்றதையும் போடுகின்றன. ஒப்பிடும் நேரத்துக்கு மட்டும் இரண்டையும் என்.எஃப்.சி. எனும் சேர்த்தெழுதும் வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள். எழுதும்போது தொடாதீர்கள்: ஆள் அடித்த பைற்றை எடிற்றர் தன்பாட்டில் மாற்றக்கூடாது.

கறுத்தக்கொழும்பான்

ஒருதரும் இன்னும் தொடாத இடம் ஒண்டு கிடக்கு: மீட்புக் கோப்பே பழுதாக் கிடந்தால்?

எழுது எண்டு சொன்ன உடனை டிஸ்கிலை விழாது. லினக்ஸ் அதை நினைவகத்திலை வைச்சு, இயல்பா 30 செக்கன் பழசான பிறகுதான் தள்ளும். நீங்கள் 30 செக்கனுக்கு ஒருக்கா எழுதினால், கரண்ட் போறபோது ஒரு நிமிச வேலை வரைக்கும் போகலாம். மீட்புக் கோப்பை ஒவ்வொருதரம் எழுதின பிறகும் எஃப்சிங்க் (உடனை டிஸ்கிலை எழுதச் சொல்லுற கட்டளை) கூப்பிடுங்கோ. பழைய சுத்துற டிஸ்கிலை அது பத்துக்கணக்கான மில்லிசெக்கன் பிடிக்கும், அதாலை தட்டச்சு ஓடுற திரெட்டிலை கூப்பிடாதேங்கோ, கை தடக்கும். இடைவெளியையும் குறையுங்கோ: கை 4 செக்கன் சும்மா இருந்தால் எழுது, விடாமல் அடிச்சால் 15 செக்கனுக்கு ஒருக்கா எழுது.

பழைய மீட்புக் கோப்புக்கு மேலேயே திரும்ப எழுதுறது பெரிய பிழை. வெட்டி வெறுமையாக்கி எழுதத் தொடங்கின நேரம் கரண்ட் போனால் பழசும் இல்லை, புதுசும் இல்லை. விண்டோஸிலை நீளம் சரியாக் காட்டி, உள்ளுக்கு முழுக்கப் பூச்சியப் பைற்றுகளாக் கிடக்கிறதும் இந்த வகைதான்: என்.டி.எஃப்.எஸ். கோப்பின்ர அளவைப் பதிஞ்சுபோட்டுது, தரவு வந்து சேரேல்லை. இரண்டு கோப்பு வைச்சு மாறி மாறி எழுதுங்கோ. ஒவ்வொண்டிலையும் வரிசை எண், முடிவிலை செக்சம். திறக்கேக்கை செக்சம் சரியான இரண்டிலை எண் கூடினதை எடுங்கோ. முழுப் பிரதி எழுதினால் பாரமெண்டு யோசிக்க வேண்டாம். 300 பக்கப் புத்தகம், பக்கத்துக்கு 1500 குறி, குறிக்கு 3 பைற் எண்டாலும் 1.35 மெகாபைற்தான்.

செக்சம் இரண்டிலையும் பிழைச்சால் அப்பவும் அழிக்காதேங்கோ. வாசிக்கக்கூடிய பகுதியை வாசிக்க மட்டும் எண்டு திறந்து காட்டுங்கோ. யூ.டி.எஃப்-8 நடுவிலை வெட்டுப்பட்டிருந்தால் கடைசி ஒண்டு இரண்டு பைற்றை மட்டும் விட்டால் சரி. ஒரு எழுத்துக்காக முழுக் கோப்பையும் "பழுது" எண்டு தள்ளுற எடிற்றருகளும் இருக்கு.

மீட்டுத் திறந்த பிறகு புது அமர்வுக்குப் புது மீட்புக் கோப்பு. பழையதிலை கை வைக்கக்கூடாது. விம் முடிவெழுத்தை ஒவ்வொண்டாய்ப் பின்னுக்கு மாத்திப் புது ஸ்வொப் போடுறது அதுக்குத்தான்.

இன்னொண்டு: மீட்ட உள்ளடக்கமே எடிற்றரை விழுத்தினதாக இருக்கலாம். கேளாமல் ஏத்தினால் திறக்க விழும், திறக்க விழும். ஏத்த முதல் தலையிலை உள்ள முயற்சி எண்ணை ஒண்டாலை கூட்டுங்கோ, நல்லாத் திறந்து பத்துச் செக்கன் ஓடினால் பூச்சியமாக்குங்கோ. எண் 2 ஆனால் தானா ஏத்தாமல் கேளுங்கோ.

திண்ணை

அழிக்கும் நேரம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். மூன்று இடம்தான்: மீட்டதை ஆள் சேமித்து, அந்தச் சேமிப்பு எஃப்சிங்க் முடிந்து, தற்காலிகக் கோப்பை மூலத்தின் பெயருக்கு மாற்றுவதும் முடிந்த பிறகு, உள்ளடக்கம் ஒன்றே என்று கண்டபோது, ஆள் வேண்டாம் என்று சொன்னபோது. மூன்றாவதில் உடனே அழிக்காமல் உள்ளே ஒரு குப்பைக்கூடை ஃபோல்டருக்கு மாற்றி 14 நாள் வைத்திருங்கள். "சேமிக்காமல் மூடு" என்று ஆள் தெளிவாகச் சொன்னாலும் அதே வழி. ஈமாக்ஸில் சேமிக்காமல் பஃபரை (திறந்து கிடக்கும் ஆவணத்தை) மூடினால் தானாகச் சேமித்த கோப்பு இயல்பாக மிஞ்சும். 28ஆம் பதிப்பில்தான் அதையும் சேர்த்து அழிக்க ஒரு தெரிவு வந்தது. குப்பை சேர்வது எரிச்சல்தான், ஆனாலும் அந்தப் பக்கம் பிழைப்பது மேல்.

மூலக் கோப்பே இல்லாமல் போன மீட்புக் கோப்புகளை வயதைப் பார்த்து அழிக்காதீர்கள். ஃபோல்டரின் பெயரை மாற்றியிருப்பார்கள், அல்லது பென் டிரைவ் இப்போது செருகியில்லை. மெனுவில் "சேமிக்காத ஆவணங்கள்" என்று ஒரு பட்டியல், ஒவ்வொன்றுக்கும் முதல் வரியும் பழைய பாதையும். அவ்வளவு போதும்.

வடலி

அடி மாறியபோது மட்டும் வரும் பெட்டிக்கு இப்படி எழுதியிருக்கிறோம்: "மீட்புத் தரவு கண்டறியப்பட்டது. மீட்டெடுக்க விரும்புகிறீர்களா? ஆம் / இல்லை / நிராகரி."

ஒடியல்

"இல்லை"-க்கும் "நிராகரி"-க்கும் என்ன வித்தியாசம் என்று எழுதியவருக்கே இரண்டு நாளில் மறந்துபோகும். "ஆம்" என்றால் டிஸ்கில் உள்ளது போய்விடுமா என்ற பயம் வேறு. பொத்தானில் நடக்கப்போவதை எழுதுங்கள்:

"இந்தக் கோப்பில் நீங்கள் சேமிக்காமல் விட்ட 12 வரிகள் உள்ளன. அதற்குப் பிறகு கோப்பு வேறிடத்தில் மாற்றிச் சேமிக்கப்பட்டுள்ளது."

கீழே மூன்று: "இரண்டையும் பக்கம்பக்கமாகக் காட்டு", "கோப்பில் உள்ளதைத் திற, மற்றதை வைத்திரு", "சேமிக்காமல் விட்டதைப் புதிய கோப்பாகத் திற". முதலாவதுதான் என்டர் விசைக்கு. எந்தப் பொத்தானும் எதையும் அழிக்காது, ஆகவே வாசிக்காமல் அமத்தினாலும் பரவாயில்லை. எஸ்கேப் அமத்தினாலோ பெட்டியை மூடினாலோ இரண்டாவது நடக்க வேண்டும்.

வரிகளை எண்ணும்போது வெற்று வரியையும் வரிமுடிவு மாற்றத்தையும் விட்டுவிடுங்கள். இல்லாவிட்டால், விண்டோஸில் சேமித்ததை லினக்ஸில் மீட்டால் "4000 வரிகள்" என்று காட்டும்.

கறுத்தக்கொழும்பான்

அதோடை, வெளியிலை விட முதல் சோதிக்கிற முறையும் சொல்லிவிடுறன், தம்பி. டாஸ்க் மனேஜராலை எடிற்றரைச் சாகடிச்சுப் பாத்தது காணாது. இயங்குதளம் உயிரோடை இருக்கிறதாலை நினைவகத்திலை கிடந்ததெல்லாம் ஒழுங்கா டிஸ்குக்குப் போயிடும், எஃப்சிங்க் விடுபட்டதும் தெரியாது. வேர்ச்சுவல் மெஷின் ஒண்டிலை போட்டு, அடிச்சுக்கொண்டிருக்கேக்கை "பவர் ஓஃப்" குடுங்கோ. பாமினிக் கோப்பிலை ஒருக்கா, யுனிகோடிலை ஒருக்கா, மூண்டு அடுக்குத் தமிழ்ப் ஃபோல்டருக்குள்ளை ஒருக்கா, டிஸ்க் நிரம்பி இடமில்லாமல் ஒருக்கா. டிஸ்க் நிரம்பேக்கை மீட்புக் கோப்பு எழுதேலாமல் போனால் நிலைப்பட்டையிலை சிவப்பிலை காட்டுங்கோ, பேசாமல் இருக்கவேண்டாம்.